ஆட்டுத்தோல் என்றொரு குடும்பப்பெயர்: சீகன்பால்க் எங்கிருந்து வந்தது?

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் கோட்டையையும் கடலையும் பார்த்துவிட்டு, அப்படியே அரச வீதியில் இருக்கும் புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளும் எட்டிப் பார்ப்பார்கள். 1718-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட கோயில் அது. அதைக் கட்டியவர் அடுத்த ஆண்டே, 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில் இறந்து அதன் உள்ளேயே அடக்கமானார். ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்க்தான் அவர். நம் ஊர்ச் சபைகளில் அவரைச் 'சீகன்பால்கு ஐயர்' என்பார்கள். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர், ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர், தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதி 1716-இல் ஹாலே நகரில் அச்சேற்றியவர் என்று அவரைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று மட்டும் யாரும் அதிகம் கேட்டதில்லை. நானும் பல வருடம் அதை ஒரு ஓசையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெயருக்குப் பொருள் இருக்கிறது, அதுவும் ரொம்ப வெளிப்படையாகவே. ஜெர்மன் மொழியில் 'சீகெ' என்றால் வெள்ளாடு. 'பால்க்' என்றால் உரித்தெடுத்த தோல். ஆடு, தோல் இரண்டையும் நாம் சேர்க்கும்போது 'ஆட்டுத்தோல்' ஆகிறது. அவர்கள் சேர்க்கும்போது நடுவில் ஒரு 'ன்' வந்து சீகன்பால்க் ஆகிறது. திருச்சபை வரலாற்றில் இடம்பிடித்த ஒரு மனிதரின் பெயர் 'வெள்ளாட்டுத்தோல்' என்பது முதலில் கேட்கும்போது திகைப்பாக இருக்கலாம். ஜெர்மன் குடும்பப்பெயர்களின் உலகத்துக்குள் கொஞ்சம் போய்ப் பார்த்தால் அந்தத் திகைப்பு போய்விடும். அங்கே இந்த மாதிரிப் பெயர்கள் சாதாரணம். இந்தக் குறிப்பிட்ட பெயர் அரிதாக இருப்பதுதான் விளக்கம் கேட்கும் விஷயம்.

முதலில் அந்த 'பால்க்'. தோலுக்கு ஜெர்மனில் ஒரே சொல் கிடையாது. வேட்டைக்காரர்களின் பேச்சில் மானின் தோலுக்கு ஒரு சொல், காட்டுப்பன்றியின் தோலுக்கு வேறொரு சொல். முயல், நரி போன்ற சிறு விலங்குகளின் தோலைத்தான் 'பால்க்' என்பார்கள். அடிவயிற்றை நீளமாகக் கிழிக்காமல், காலுறையைக் கழற்றுவதுபோல முழுசாக உரித்தெடுத்த தோல் என்பது அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் படம். அப்படி எடுத்த தோலை ஓரிடத்தில் கட்டினால் பையாகும். காற்றடைத்தால் உப்பும். சொல்லின் வேரும் 'உப்புதல், வீங்குதல்' என்பதுதான். கொல்லன் உலையில் நாம் துருத்தி என்று சொல்வதை அவர்கள் 'பிளாஸபால்க்' என்பார்கள், ஊதும் தோல் என்று. ஆங்கிலத்தில் துருத்திக்கு வழங்கும் 'பெல்லோஸ்', வயிற்றுக்கு வழங்கும் 'பெல்லி' இரண்டும் இதே வேரில் வந்த உறவுக்காரச் சொற்கள். இறகோடு பாடம் செய்து அருங்காட்சியக இழுப்பறைகளில் வைத்திருக்கும் பறவை உடல்களையும் ஜெர்மன் விலங்கியலாளர்கள் இன்றுவரை 'பால்க்' என்றே அழைக்கிறார்கள்.

இதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: அடங்காத பிள்ளை, தொல்லை பிடித்த குழந்தை. இன்றைய ஜெர்மானியர் ஒருவர் இந்தப் பெயரைக் கேட்டால் அவர் காதில் முதலில் இந்தப் பொருள்தான் விழும். அதை வைத்து 'ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளும் பிள்ளை' என்று விளக்கம் சொல்லத் தோன்றும். ஆனால் குடும்பப்பெயர்கள் உருவான இடைக்கால ஜெர்மனில் தோல், தோற்பை, துருத்தி என்பவைதான் இச்சொல்லின் முதன்மைப் பொருள்கள். முன்னால் ஒரு விலங்கின் பெயரும் சேர்ந்து நிற்கும்போது தோல் என்று எடுத்துக்கொள்வதே முறை. இதற்குத் துணையாக இன்னொரு அரிய பெயரும் கிடைக்கிறது. 'ஹாஸன்பால்க்' என்றொரு ஜெர்மன் குடும்பப்பெயர் உண்டு, முயல்தோல் என்று பொருள். பிரேசிலில் இன ஏற்றத்தாழ்வைப் பற்றி முக்கியமான ஆய்வுகளைச் செய்த சமூகவியலாளர் கார்லோஸ் ஹாஸன்பால்க் அந்தப் பெயரைத் தாங்கியவர்தான். முயல்தோலும் ஆட்டுத்தோலும் ஒரே அச்சில் வார்த்த பெயர்கள்.

ஒரு மனிதனுக்கு ஏன் 'ஆட்டுத்தோல்' என்று பேர் வைத்தார்கள்? பேர் வைத்தவர்கள் பெற்றோர் இல்லை, அக்கம்பக்கத்தார். ஜெர்மன் பெயராய்வில் குடும்பப்பெயர்களைப் பொதுவாக ஐந்து வகையாகப் பார்ப்பார்கள். தந்தையின் பெயர், வந்த ஊர், குடியிருந்த இடம், செய்த தொழில், ஊரார் வைத்த பட்டப்பெயர் என்பவை அவை. சீகன்பால்க் கடைசி வகையைச் சேர்ந்தது. ஆனால் பட்டப்பெயர் என்றதும் கேலி என்று நினைத்துவிடக் கூடாது. அவற்றில் பெரும்பகுதி தொழிலைச் சுற்றி வருபவை. செருப்புத் தைப்பவனைத் 'தோல்' என்றும், கொல்லனைச் 'சுத்தியல்' என்றும், இறைச்சி விற்பவனை 'மாட்டிறைச்சி' என்றும் கூப்பிடுவது அந்த ஊர்ப் பழக்கம். 'ரிண்ட்ஃப்ளைஷ்', 'கால்ப்ஃப்ளைஷ்' என்று மாட்டிறைச்சி, கன்றிறைச்சி எல்லாம் அங்கே குடும்பப்பெயர்களாகவே இருக்கின்றன. அந்தக் கணக்கில் சீகன்பால்க்கின் முன்னோர் ஒருவர் ஆட்டுத்தோல் வாங்கி விற்றவராகவோ, தோல் பதனிட்டவராகவோ, துருத்தி தைத்தவராகவோ இருந்திருக்கலாம். தோற்பை வைத்து ஊதும் பைக்குழல் வாசித்தவராகவும் இருந்திருக்கலாம். இன்னொரு வழியும் உண்டு: பண்ணையாருக்குச் செலுத்தும் வரியைத் தோலாகக் கொடுத்த குடியானவனுக்கும் அந்த வரியே பெயராக ஒட்டிக்கொள்ளும். ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு நடமாடியவர் என்பதும் சாத்தியம்தான். இதில் எதை அடித்துச் சொல்வதற்கும் அந்த முதல் மனிதரைப் பற்றிய ஏடு வேண்டும். என் மனது தொழில் பக்கம்தான் சாய்கிறது, ஏனென்றால் தோலும் துருத்தியும் அந்தக் காலச் சிற்றூர்ப் பொருளாதாரத்தில் தினசரி கைமாறிய சரக்குகள்.

பெயரின் முன்பாதியில் இருக்கும் ஆட்டை நம்பலாமா என்றும் கேட்க வேண்டும். ஜெர்மன் பெயர்களில் ஆடு மாதிரித் தெரிவதெல்லாம் ஆடு இல்லை. பரவலாக வழங்கும் 'சீக்லர்' என்ற பெயரைப் பார்த்தால் ஆட்டிடையன் என்று தோன்றும். உண்மையில் அது செங்கல் சூளைக்காரரைக் குறிப்பது. செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் அவர்கள் சொல்லும் 'சீகல்' என்பது லத்தீன் 'தெகுலா'விலிருந்து வந்தது, ஆட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 'சீகன்ஹால்ஸ்' என்றால் நேர்ப்பொருளில் ஆட்டுக்கழுத்து. ஆனால் அது சிலேசியாவில் இருந்த ஓர் ஊரின் பெயரும்கூட. இன்று போலந்துக்குள் குவுஹோவாஸி என்ற பெயரில் இருக்கிறது. அந்தப் பெயரைத் தாங்கியவரின் முன்னோர் கழுத்து நீண்டவராக இருக்கத் தேவையில்லை, அந்த ஊரிலிருந்து வந்தவராக இருந்தால் போதும். ஹெஸ்ஸனில் உள்ள சீகன்ஹைன் ஊரை வைத்து எழுந்த பெயரும் அப்படித்தான். மறுபக்கம், 'சீகன்பைன்' (ஆட்டுக்கால்), 'சீகன்ஃபூஸ்' (ஆட்டுப்பாதம்), 'சீகன்ஸ்பெக்' (ஆட்டுக்கொழுப்பு) போன்றவற்றில் ஆடு ஆடுதான். பாடன்-பாடன் நகரத்தின் ஒரு பகுதிக்குப் 'பால்க்' என்றே பெயர் உண்டு என்பதால், வெறும் 'பால்க்' என்ற குடும்பப்பெயரை ஆராய்கிறவர் அந்த ஊரையும் கணக்கில் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஆடும் தோலும் சேர்ந்தே நிற்கும் இந்தப் பெயரில் நேர்ப்பொருளே இயல்பாகப் பொருந்துகிறது.

அந்த ஆட்டுச் சொல்லே பெயரின் ஊரையும் காட்டிக்கொடுக்கிறது. வெள்ளாட்டை ஜெர்மனி முழுவதும் 'சீகெ' என்று அழைத்ததில்லை. தெற்கிலும் மேற்கிலும் 'கைஸ்' என்பதுதான் மக்கள் சொல். ஆங்கிலத்தின் 'கோட்' அதன் உடன்பிறப்பு. 'சீகெ' என்பது கிழக்கு-நடு ஜெர்மனியின் சொல், சாக்சனி வட்டாரத்துப் பேச்சு. மார்ட்டின் லூத்தர் அந்தப் பகுதிக்காரர். அவர் தன் பைபிள் மொழிபெயர்ப்பில் கையாண்ட சொற்கள் பிறகு பொது ஜெர்மனாகப் பரவியபோது 'சீகெ'யும் சேர்ந்து பரவியது. குடும்பப்பெயர்கள் பெரும்பாலும் லூத்தருக்கு முன்பே உறைந்துவிட்டவை. ஆகவே ஒரு பெயரில் 'சீகெ' இருந்தால், அது பிறந்த இடம் நடு ஜெர்மனி அல்லது அதற்குக் கிழக்கே என்று முதல் ஊகம் வைக்கலாம்.

ஊகம் சரியாகவே வந்து நிற்கிறது. பர்த்தலோமேயு சீகன்பால்க் 1682 ஜூலை 10 அன்று பிறந்தது புல்ஸ்னிட்ஸ் என்ற சிறு நகரில். ட்ரெஸ்டனுக்கு வடகிழக்கே, சாக்சனியின் மேல் லுசாத்தியா பகுதியில் இருக்கிறது. தந்தை தானிய வியாபாரி, அவர் பெயரும் பர்த்தலோமேயுதான். புல்ஸ்னிட்ஸ் இன்று ஜெர்மானியர்களுக்கு அதன் மசாலா ரொட்டிக்காகத் தெரிந்த ஊர். 1558-இல் அங்குள்ள ரொட்டி சுடுபவர்களுக்கு அதற்கான உரிமை கொடுக்கப்பட்டது. வைமாரில் கெத்தேயும் ஷில்லரும் சேர்ந்து நிற்கும் புகழ்பெற்ற சிலையைச் செய்த எர்ன்ஸ்ட் ரீட்ஷெல் பிறந்ததும் இதே ஊரில்தான். குயவர்களும் நாடா நெய்பவர்களும் நிறைந்த கைத்தொழில் நகரம். தோலைக் குறிக்கும் ஒரு பெயர் இப்படிப்பட்ட சூழலில் அந்நியமாகத் தெரியாது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. லுசாத்தியா முழுக்க முழுக்க ஜெர்மன் நிலம் கிடையாது. ஸ்லாவிய மொழி பேசும் சோர்பியர்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். புல்ஸ்னிட்ஸ் என்ற ஊர்ப்பெயரின் அந்த '-னிட்ஸ்' முடிவே ஸ்லாவியப் பூர்வீகத்தைச் சொல்கிறது. அந்தப் பகுதியில் ஜெர்மன் எழுத்தர்கள் சோர்பியப் பெயர்களைக் காதில் வாங்கி, தங்களுக்குப் பொருள் படும்படி மாற்றி எழுதியது பலமுறை நடந்திருக்கிறது. அதனால் அங்கிருந்து வரும் எந்தப் பெயரையும் இன்றைய வடிவத்தை மட்டும் வைத்துப் பொருள் சொல்லிவிடக் கூடாது, பழைய வடிவங்களைத் தேட வேண்டும். நம் பெயரைப் பொறுத்தவரை இரண்டு பாதியும் சுத்தமான ஜெர்மன் சொற்கள். சோர்பிய மொழியில் ஆட்டுக்குக் 'கோசா' என்று பெயர். ஸ்லாவியப் பூர்வீகம் என்றால் அந்த ஓசை எங்காவது எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

சரி, இது ஏன் அரிதான பெயர்?

இன்ஷியல் போட்டுப் பழகிய நமக்கு ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் இது எளிதாக விளங்கும். நம் முதலெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அவர்களுடைய குடும்பப்பெயர் ஒருமுறை உறைந்தால் மாறாது, ஆண்வழியில் இறங்கிக்கொண்டே போகும். ஜெர்மன் பேசும் நிலங்களில் இந்த வழக்கம் 12-ஆம் நூற்றாண்டில் தெற்கு, மேற்கு நகரங்களில் தொடங்கி, கிழக்குக்கும் வடக்குக்கும் மெல்ல மெல்லப் பரவியது. நகரங்கள் பெருத்து, ஒரே தெருவில் நான்கு ஹான்ஸ், ஐந்து பீட்டர் இருந்தபோது பத்திரம் எழுதுகிறவர்களுக்கு வேறு வழி இல்லை. கடைசியாக மசிந்தது வடமேற்கு மூலையில் இருக்கும் கிழக்கு ஃப்ரீஸியா. அங்கே தந்தை பெயரையே பின்னொட்டாக வைத்துக்கொண்டிருந்த மக்களை 1811-இல் நெப்போலியனின் ஆணைதான் நிலையான குடும்பப்பெயருக்குக் கொண்டுவந்தது. பிரஷ்யாவின் யூதர்களுக்கு 1812 ஆணையில் அது கட்டாயமானது.

இப்போது 'ம்யூலர்' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். மாவு அரைக்கும் ஆலைக்காரர். ஆற்றோரக் கிராமம் ஒவ்வொன்றிலும் ஓர் ஆலை, ஆலைக்கு ஓர் ஆலைக்காரர். ஆகவே அந்தப் பெயர் ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான இடங்களில், ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் பிறந்தது. இரண்டு ம்யூலர்கள் சந்தித்தால் அவர்கள் உறவுக்காரர்களாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கொல்லரைக் குறிக்கும் ஷ்மிட், தையல்காரரைக் குறிக்கும் ஷ்னைடர், மீனவரைக் குறிக்கும் ஃபிஷர், நெசவாளியைக் குறிக்கும் வேபர் எல்லாம் இப்படித்தான். ஆட்டுத்தோலை வைத்து ஒருவனுக்குப் பட்டப்பெயர் வைப்பது அப்படி எல்லா ஊரிலும் நடக்கிற விஷயம் இல்லை. ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு மனிதனுக்கு, அந்த ஊராருக்கு மட்டும் தெரிந்த காரணத்தால் வைக்கப்பட்டது. அதே கற்பனை இன்னோர் ஊரில் யாருக்காவது தோன்றியிருந்தாலும் ஓரிரண்டு இடங்களில்தான் நடந்திருக்கும். அரிய பெயர் என்றால் பெரும்பாலும் ஒரே ஊற்றிலிருந்து வந்த பெயர் என்று அர்த்தம். அதைத் தாங்குகிறவர்கள் பின்னோக்கிப் போனால் ஒரே தாத்தாவிடம் போய் நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. எனக்கு அரிய பெயர்கள் மீது பிரியம் வருவது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். ம்யூலர் என்ற பெயர் ஒரு தொழிலின் வரலாற்றைச் சொல்லும், சீகன்பால்க் என்பது ஒரு வீட்டின் வரலாற்றைச் சொல்லும்.

ஒரே ஊற்று வற்றியும் போகலாம். ஆண்வழியில் மட்டும் இறங்கும் பெயர், மகன்கள் பிறக்காத ஒரு தலைமுறையோடு நின்றுவிடும். 19-ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் இதை ஒரு கணக்குப் புதிராகவே கேட்டார். ஒவ்வொரு ஆணுக்கும் இத்தனை மகன்கள் பிறக்க இத்தனை வாய்ப்பு என்றால், காலப்போக்கில் எத்தனை குடும்பப்பெயர்கள் மறையும்? ஹென்றி வாட்சன் அதற்கு விடை தேடினார். 1874-இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட அந்தக் கணக்கு அவர்கள் பெயராலேயே இன்று அணுக்கருத் தொடர்வினை வரைக்கும் பயன்படுகிறது. அதன் சாரம் நமக்கு எளிது: கொஞ்சம் பேரோடு தொடங்கும் பெயர் அழிவின் விளிம்பிலேயே நடக்கிறது. சாக்சனிக்கு இதற்கு மேல் 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரும், கூடவே வந்த கொள்ளைநோயும் சேர்ந்துகொண்டன. ஊர் ஊராகக் காலியான அந்தக் காலத்தில் எத்தனை ஒற்றைவீட்டுப் பெயர்கள் சத்தமில்லாமல் போயிருக்கும் என்று யோசித்தால், நம் ஆட்டுத்தோல் பெயர் 1682 வரைக்கும் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயமாகத் தெரிகிறது.

தரங்கம்பாடி மிஷனில் வேலை பார்த்தவர்களின் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். பெஞ்சமின் ஷுல்ட்ஸெவின் பெயர் கிராம நிர்வாகியைக் குறிக்கும் பழைய பதவிப் பெயரிலிருந்து வந்தது. ஊருக்கு ஒரு நிர்வாகி இருந்ததால் நாடெங்கும் அந்தப் பெயர். தஞ்சாவூரில் சரபோஜி மன்னரின் நம்பிக்கைக்குரியவராக இருந்த ஷ்வார்ட்ஸின் பெயருக்குப் பொருள் 'கறுப்பு'. கருமுடிக்காரர்களுக்கு எங்கும் வைக்கக்கூடிய அடையாளம், அதுவும் மிகச் சாதாரணம். தமிழ் அகராதிக்காக நாம் நினைவுகூரும் ஃபப்ரிசியஸ் பெயர் ஒரு சுவையான வேடம். கொல்லரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த வடிவம் அது. படித்த குடும்பங்கள் ஷ்மிட் போன்ற எளிய பெயர்களை லத்தீனாக்கிக்கொண்ட மறுமலர்ச்சிக் காலத்து வழக்கம் இப்படிப் பல பெயர்களை விட்டுச்சென்றது. சீகன்பால்க்கோடு 1706-இல் ஒரே கப்பலில் வந்திறங்கிய ஹைன்ரிஷ் ப்ளூச்சோ வடக்கே மெக்லன்பர்க்கைச் சேர்ந்தவர். அவர் பெயரின் முடிவு அந்தப் பகுதியின் ஸ்லாவிய ஊர்ப்பெயர்களின் சாயலைக் காட்டுகிறது. இவர்களுக்கு நடுவில் ஆட்டுத்தோல் தனித்துத்தான் நிற்கிறது.

ஒரு பெயர் எவ்வளவு அரிது என்று எப்படி அளக்கிறார்கள்? ஜெர்மனியில் அரசே வெளியிடும் குடும்பப்பெயர்ப் பட்டியல் எதுவும் பொதுவில் இல்லை. அதனால் பெயராய்வாளர்கள் கையில் எடுத்தது தொலைபேசி அட்டவணை. மைன்ஸ், ஃப்ரைபர்க் பல்கலைக்கழகங்களில் உருவான ஜெர்மன் குடும்பப்பெயர் வரைபடத் தொகுதி, 2005-ஆம் ஆண்டின் தரைவழித் தொலைபேசி இணைப்புகளை அடிப்படையாகக் கொண்டது. சுமார் 2.8 கோடி தனியார் இணைப்புகள், அவற்றில் சுமார் 8.5 லட்சம் வெவ்வேறு பெயர்கள். ம்யூலர் மட்டும் ஏறக்குறைய 2.56 லட்சம் இணைப்புகள், அடுத்து ஷ்மிட் சுமார் 1.9 லட்சம். மொத்தத்தைப் பெயர் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பெயருக்குச் சராசரியாக 33 இணைப்புதான் வருகிறது. மேலே இருக்கும் பரவலான பெயர்கள் பெரிய பங்கை அள்ளிக்கொள்வதால், கீழே இருக்கும் லட்சக்கணக்கான பெயர்களுக்கு விரல்விட்டு எண்ணும் அளவே மிச்சம். அந்த நீண்ட வாலில் ஒரு பகுதி புலம்பெயர்ந்து வந்தோரின் பெயர்கள், ஒரு பகுதி கணவன் மனைவி பெயரை இணைத்த இரட்டைப் பெயர்கள், கொஞ்சம் எழுத்துப்பிழைகள்கூட. பழைய ஜெர்மன் ஒற்றைவீட்டுப் பெயர்கள் இவற்றோடு கலந்து கிடக்கின்றன.

ஏன் 2005? அதற்குப் பிறகு கைபேசி வந்து அட்டவணை மெலிந்துவிட்டது. ஓர் இணைப்புக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கும் என்பதால், ஆட்களின் தொகை தெரிய இணைப்பு எண்ணிக்கையை ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்றால் பெருக்குவார்கள். ஒரு பெயருக்கு 100 இணைப்பு என்றால் 250 முதல் 300 பேர். இந்தப் பெருக்கல் ம்யூலருக்குச் சரியாக வரும், சின்ன எண்களுக்கு அவ்வளவாக வராது. பத்தே இணைப்பு உள்ள பெயரில் இரண்டு வீட்டார் பட்டியலில் பெயர் போட விரும்பாவிட்டால் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். அரிய பெயர்களுக்கு இணையத்தில் கிடைக்கும் துல்லியமான எண்ணிக்கைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை என்றால் அது இதனால்தான்.

எண்ணைவிட வரைபடம் அதிகம் பேசும். அதிலும் எந்த வரைபடம் என்று பார்க்க வேண்டும். வெறும் எண்ணிக்கையை வைத்து வரைந்தால் எந்தப் பெயரை இட்டாலும் பெர்லினும் ஹாம்பர்க்கும்தான் கறுத்துத் தெரியும், ஏனென்றால் அங்கே ஆள்தொகை அதிகம். பத்து லட்சம் பேருக்கு இத்தனை என்ற விகிதத்தில் வரைந்தால்தான் பெயரின் சொந்த ஊர் வெளியே வரும். சீகன்பால்க் போன்ற பெயருக்கு அப்படித் தேடும்போது கண்ணை வைக்க வேண்டிய இடம் சாக்சனி, அதிலும் ட்ரெஸ்டனுக்குக் கிழக்கே இருக்கும் பகுதி. 1945-க்குப் பிறகு கிழக்குப் பகுதிகளிலிருந்து விரட்டப்பட்ட கோடிக்கும் மேலான ஜெர்மானியர்கள் நாடெங்கும் சிதறிக் குடியேறியதால், இன்றைய பரவல் பழைய பரவலை மறைத்துவிடுவதுண்டு. அதைத் தாண்டிப் பின்னால் போக ஓர் அருமையான வழி இருக்கிறது. முதல் உலகப்போரில் இறந்த, காயம்பட்ட, காணாமல்போன ஜெர்மன் வீரர்களின் அரசுப் பட்டியல்களை ஜெர்மனியின் கணினி வம்சாவளி ஆர்வலர் சங்கம் தன்னார்வலர்களைக் கொண்டே எழுத்தெழுத்தாகக் கணினியில் ஏற்றியது. சுமார் 85 லட்சம் பதிவுகள், பெரும்பாலானவற்றில் வீரரின் ஊரும் உண்டு. துயரமான ஆவணம்தான். ஆனால் இடப்பெயர்வுக்கு முந்தைய ஜெர்மனியில் எந்தப் பெயர் எந்தக் கிராமத்தில் இருந்தது என்பதை அதைப் போல வேறெதுவும் காட்டாது.

எழுத்து வடிவத்தையும் விட்டுவிட முடியாது. 1876-இல் அரசின் குடிமைப் பதிவு அலுவலகங்கள் ஜெர்மனி முழுவதும் நடைமுறைக்கு வரும்வரை பெயரின் எழுத்து பாதிரியாரின் கையில் இருந்தது. ஒரே மனிதரின் பெயர் ஞானஸ்நானப் பதிவில் ஒரு விதமாகவும் கல்யாணப் பதிவில் வேறு விதமாகவும் இருக்கும். நம் பெயரின் கடைசி ஓசையைச் சிலர் 'க்' (k) என்று எழுதுவார்கள், சிலர் 'கெ' (g), சிலர் இரண்டையும் சேர்த்து. அந்த ஆண்டோடு எந்த வடிவம் பதிவானதோ அதுவே சட்டமானது. அன்றிலிருந்து ஒரெழுத்து வேறுபாடு என்றாலும் அது தனிப்பெயர், தனிக்கணக்கு. ஒரு பெரிய குடும்பத்தின் கிளைகள் மூன்று எழுத்துவடிவங்களாகப் பிரிந்து மூன்று அரிய பெயர்களாக நிற்பது இப்படித்தான்.

ஜெர்மனியில் நினைத்தவுடன் பெயரை மாற்றிக்கொள்ளவும் முடியாது, தக்க காரணம் காட்ட வேண்டும். கேலிக்கு இடம்தரும் பெயர் என்பது ஏற்கப்படும் காரணம். ம்யூலர், ஷ்மிட் போல எங்கும் இருந்து ஆள்மாறாட்டக் குழப்பம் தரும் பெயர் என்பதும் ஏற்கப்படும் காரணம். முதல் காரணத்தால் அரிய பட்டப்பெயர்கள் குறைகின்றன. இன்னொரு பக்கம் அவற்றுக்குப் பாதுகாப்பும் வந்திருக்கிறது. தம்பதியர் ஒரு பெயரில் ஒத்துப்போகாவிட்டால் கணவர் பெயரே குடும்பப்பெயர் என்ற பழைய விதியை அரசியல் சாசன நீதிமன்றம் 1991-இல் செல்லாதாக்கியது. 2025 மே முதல் தம்பதியரும் பிள்ளைகளும் இரட்டைப் பெயர் வைத்துக்கொள்ளலாம். மகள் மட்டும் உள்ள வீட்டிலும் இனி அரிய பெயர் தொடர முடியும். கால்டனின் கணக்குக்கு இது புதிய நிபந்தனை.

பர்த்தலோமேயு சீகன்பால்க்கின் சொந்தக் கிளையும் கடல் கடந்தது. 1716-இல் மரியா டோரதியா சால்ட்ஸ்மனை மணந்தார். மகன்களில் எர்ன்ஸ்ட் கோட்லிப் பிற்காலத்தில் கோபன்ஹேகனில் கணிதப் பேராசிரியரானார். சாக்சனியின் ஒரு சிற்றூரில் யாரோ யாருக்கோ வைத்த பட்டப்பெயர் ஒரு தலைமுறைக்குள் தரங்கம்பாடிக்கும் டென்மார்க்குக்கும் போய்விட்டது.

தமிழில் அந்தப் பெயர் என்ன ஆனது என்று பார்த்தால் எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது. ஜெர்மன்காரர்கள் இதை உச்சரிக்கும்போது முன்னால் வரும் எழுத்து 'ட்ஸ்' என்று ஒலிக்கும். நடுவில் வரும் 'க' மென்மையாக, 'நகம்' என்பதில் வருகிற மாதிரி. 'ப' வும் மென்மையாக, 'அன்பு' என்பதில் வருகிற மாதிரி. கடைசியில் எழுதும்போது அதே மென்மையான 'க' எழுத்துத்தான், ஆனால் சொல்லின் இறுதியில் மெல்லோசை வலிந்துவிடும் என்பது ஜெர்மன் விதி, ஆகவே அது 'பாக்கு' என்பதில் வருகிற வல்லோசையாக முடியும். இப்போது 'சீகன்பால்க்' என்று எழுதிவிட்டு நம் வழக்கப்படி வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இரண்டு உயிருக்கு நடுவில் 'க' தானாக மென்மையாகிறது, 'ன்' னுக்குப் பின்னால் 'ப' தானாக மென்மையாகிறது, புள்ளி வைத்த 'க்' தானாக வலிக்கிறது. எழுத்தில் எந்தக் குறியும் போடாமலே மூன்றும் சரியாக விழுகின்றன. விட்டுப்போனது முன்னால் இருந்த அந்த 'ட்' டும், நாம் நீட்டிவிட்ட ஒரு 'பா' வும் மட்டும்தான்.